ஈரத்துணியும் இரண்டு அங்குல ஒயரும்

எங்கள் அம்பாசடரின் டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இவற்றோடு ஒரு பழைய வேட்டித்துண்டும் எட்டு மாதம் கூடவே வந்தது. வண்டி நடுரோட்டில் நின்றால் அந்தத் துண்டை நனைத்து பெட்ரோல் பம்பின் மேல் போர்த்த வேண்டும். பத்து நிமிடம் காத்திருந்து செல்ஃப் அடித்தால் கிளம்பிவிடும். கிளம்பவும் செய்தது. அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு தடவையாவது கிளம்பாமல் இருந்திருந்தால், எட்டு மாதத்தை எட்டு நாளில் முடித்திருப்பேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1984 மாடல் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. கியர் ஸ்டியரிங்கிலேயே இருக்கும். 2019-இல் தாம்பரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் வாங்கினேன். அவர் வாரம் ஒருமுறை கோயிலுக்கும் மாதம் ஒருமுறை பென்ஷன் வேலைக்கும் மட்டும் எடுத்த வண்டி. பெயின்ட் வெளுத்திருந்தது, சீட் கிழிந்திருந்தது, ஆனால் எஞ்சின் சுவர்க்கடிகாரம் மாதிரி ஓடியது. அந்த எஞ்சின் இங்கிலாந்தில் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த பி-சீரிஸ். இதே 1489 சிசி எஞ்சினைத்தான் 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் வைத்தார்கள். கல்யாண வீட்டு சாம்பார் அண்டாவை ஏற்றிப்போகும் நம்ம அம்பாசடரும், தலையில் ஸ்கார்ஃப் கட்டிய வெள்ளைக்காரிகள் ஓட்டிய அந்த இரட்டை சீட் காரும் ஒருவகையில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இதை நான் வண்டியில் ஏறுகிற எல்லாரிடமும் சொல்வேன். யாரும் இதுவரை ஆச்சரியப்பட்டதில்லை.

2022 மே மாதம், அக்னி நட்சத்திரம். கிண்டியிலிருந்து குரோம்பேட்டைக்கு வந்துகொண்டிருந்தேன். மீனம்பாக்கம் தாண்டும்போது வண்டி லேசாக ஒரு குதி குதித்தது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி. அப்புறம் இன்னொன்று. அடுத்த சிக்னலில் காலை எடுத்ததும் எஞ்சின் அடங்கிவிட்டது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பின்னால் நின்ற மாநகரப் பேருந்து டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவேயில்லை. ஒரு ஆட்டோக்காரர்தான் இறங்கி வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார். போனட்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார்: "ஏர் லாக் சார். துணி இருக்கா? நனைச்சுப் போடுங்க."

போட்டேன். கிளம்பியது.

இந்த ஈரத்துணி வைத்தியம் மூடநம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்பாசடரில் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் இடது பக்கத்தில், சைலன்சர் மேனிஃபோல்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. கேம் ஷாஃப்ட் அதன் கையை மேலும் கீழும் ஆட்ட, உள்ளே ஒரு ரப்பர் படலம் பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். சென்னை வெயில், ட்ராஃபிக், பக்கத்தில் பழுக்கக் காய்ந்த இரும்பு எல்லாம் சேர்ந்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? வெறும் வாயை மெல்லும். துணியைப் போட்டால் ஆவி மறுபடி பெட்ரோலாகும். மெக்கானிக்குகள் இதை ஏர் லாக் என்றாலும், உண்மையில் உள்ளே இருப்பது காற்று இல்லை, பெட்ரோல் ஆவிதான். அந்த ஜூனில்தான் நாடு முழுக்கப் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டதாக அறிவித்திருந்தார்கள். எத்தனால் கலந்தால் பெட்ரோல் இன்னும் எளிதாக ஆவியாகும், பழைய ரப்பரையும் அரிக்கும். ஆக காரணம் கைநிறைய இருந்தது. சந்தேகப்பட எனக்கு எந்த அவசியமும் இல்லை.

எங்கள் வண்டியைப் பார்ப்பவர் பாய். முப்பது வருடமாக அம்பாசடர், பத்மினி என்றே வாழ்ந்தவர். காதை போனட் பக்கம் சாய்த்துக்கொண்டே டீ குடிப்பார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் விஷயம் கொஞ்சம் சிக்கல் என்று அர்த்தம். முதல் தடவை ஏற்றவில்லை. பம்புக்குப் புது கிட் போட்டார், ரப்பர் குழாய்களை மாற்றினார். இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாவது வாரம் குரோம்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில் மறுபடி குதித்து நின்றது. துணி, பத்து நிமிடம், கிளம்பியது.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நினைத்தால் எனக்கே கடுப்பாக இருக்கிறது. கார்பரேட்டரைக் கழற்றி, ஜெட் எனும் பெட்ரோல் துளைகளையெல்லாம் ஊதி மாட்டினோம். டேங்கை இறக்கிக் கழுவினோம், அடியில் ஒரு கைப்பிடி துரு வந்தது, ஆகா இதுதான் என்று சந்தோஷப்பட்டோம். பெட்ரோல் ஃபில்டர் புதிது. பிளக் நான்கும் புதிது. பிளக் ஒயர் செட் புதிது. காயில் புதிது. பாயின்ட் செட் புதிது. கண்டன்சர் புதிது. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம், இரண்டு வாரம் வண்டி ஒழுங்காக ஓடும். "பாத்தீங்களா, அதான்" என்று பாயும் நானும் மாறி மாறிச் சொல்லிக்கொள்வோம். அப்புறம் எங்காவது நிற்கும். சாமான் தேடிப் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் நான் நடந்த நடையில் ஒரு செருப்பே தேய்ந்துவிட்டது.

கண்டன்சர் கதையை மட்டும் தாண்ட முடியவில்லை. பாயின்ட் என்பது காயிலில் ஓடும் கரண்டை விட்டு விட்டு வெட்டும் குட்டி சுவிட்ச்; ஒவ்வொரு வெட்டுக்கும் காயில் பிளக்கில் ஒரு பொறியை வரவைக்கும். பாயின்ட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கரண்ட் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதை உறிஞ்சிக்கொள்ளத்தான் விரல்நுனி அளவு தகர டப்பாவாக அந்தக் கண்டன்சர். அது கெட்டால் பாயின்ட் கருகும், பிளக்கில் பொறி சோம்பலாக வரும். சூடானால் மட்டும் மக்கர் பண்ணுகிற கண்டன்சர்களும் உண்டு, அதனால் அதைச் சந்தேகித்தது தப்பில்லை. ஆனால் நான் வாங்கிய புதுக் கண்டன்சர் பன்னிரண்டு நாளில் செத்துப்போனது. அது வேறு விதமான மிஸ்ஸிங் (எஞ்சின் பொறி தவறித் திக்குவது), சைலன்சரில் பட்டாசு வெடித்தது. ஆக அந்தப் பன்னிரண்டாவது நாளில் என் வண்டிக்கு இரண்டு வியாதி. நாங்கள் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். பழைய கண்டன்சரையே எடுத்து மாட்டினார் பாய். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. பழைய வண்டிக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: கழற்றிய சாமானைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

இதற்குள் மொத்தம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் செலவு. வீட்டில் "இதை வித்துட்டு ஒரு நல்ல வண்டி வாங்குங்க" என்ற பேச்சு ஆரம்பமாகிவிட்டது. என் மனைவி நல்ல வண்டி என்று சொல்லும்போது "நல்ல" என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்வாள்.

ஆனால் திருப்பமும் அவள் வாயிலிருந்துதான் வந்தது. அக்டோபரில் ஒரு நாள் கத்திப்பாரா மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தோம். அதுவரை விக்கி விக்கி வந்த வண்டி, ஏற்றத்தில் நான் மிதித்ததும் ஒரே சீராக இழுத்தது. மேலே போய் சமதளம் வந்து காலைத் தளர்த்தியதும் மறுபடி குதி. "ஏங்க, மேடு ஏறும்போது ஒழுங்காத்தானே போகுது? அப்போதானே அதுக்குக் கஷ்டமா இருக்கணும்?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னது சரி என்பதால்தான் சொல்லவில்லை. பெட்ரோல் போதாமல் திணறுகிற வண்டி மேட்டில்தான் முதலில் படுக்கும். அதிகப் பெட்ரோல் கேட்பது அங்கேதான். இது தலைகீழாக இருந்தது.

அன்று ராத்திரி என் மகளின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து க்ளோவ் பாக்ஸில் வைத்தேன். ஒவ்வொரு தடவை மிஸ்ஸிங் வரும்போதும், நிற்கும்போதும் ஓரமாக நிறுத்தி எழுத வேண்டும் என்று எனக்கே ஒரு கட்டளை. நேரம், வேகம், எந்த கியர், கால் எவ்வளவு மிதியில் இருந்தது, வெயிலா மழையா, வண்டி கிளம்பி எவ்வளவு நேரம். கிறுக்குத்தனமாகத்தான் இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்டிகேட்டர் போட்டு ஒதுங்கி நோட்டு எழுதுகிறவனைப் பார்த்து ஒரு ட்ராஃபிக் போலீஸ்காரர் லைசென்ஸ் கேட்டார்.

பதினோரு பதிவு சேர்ந்தது. படித்துப் பார்த்தால், முழு மிதியில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நாலாவது கியர், ஐம்பதிலிருந்து அறுபது கிலோமீட்டர் வேகம், கால் பாதிக்கும் குறைவான மிதி. நின்றது மட்டும் எல்லாமே சிக்னலுக்காகக் காலை முழுசாக எடுத்த பிறகு. ஏழாவது பதிவைப் பார்த்துத்தான் எனக்குச் சுரீர் என்றது. மார்கழி, அதிகாலை ஐந்தரை மணி, பார்த்தசாரதி கோயிலுக்குப் போகிற வழி. ஜன்னல் கண்ணாடியில் பனி. வண்டி கிளம்பி பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது, அதற்குள் நின்றது. அந்தக் குளிரில் என்ன ஏர் லாக்? நானோ அன்றைக்கும் தூக்கக் கலக்கத்தில் துணியை நனைத்துப் போட்டிருக்கிறேன். கிளம்பியும் இருக்கிறது. பம்பைத் தொட்டுப் பார்த்திருந்தால் அது என் கையைவிடக் குளிர்ந்திருக்கும்.

அப்புறம் இன்னொன்றும் கவனித்தேன். பெட்ரோல் தீர்ந்து நிற்கிற வண்டி எப்படி நிற்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். இழுவை குறையும், இருமும், சோக்கை இழுத்தால் இன்னும் கொஞ்சம் போகும், அப்புறம்தான் அடங்கும். பெரியவர் ஒருவர் பேச்சை முடித்துக்கொண்டு எழுந்து போகிற மாதிரி. என் வண்டி அப்படி நிற்கவில்லை. சுவிட்சை அணைத்தாற்போல் பட்டென்று. நடுவில் வந்த குதிகளும் அப்படித்தான், கரண்ட் போய்ப் போய் வருகிற மாதிரி. இதை எட்டு மாதமாக உடம்பு உணர்ந்துகொண்டுதான் இருந்தது, மூளைக்குத்தான் ஏறவில்லை.

இதைப் பாயிடம் சொன்னபோது கண்ணாடி நெற்றிக்குப் போனது. "கரண்ட் சைடுன்னா எல்லாம் மாத்தியாச்சே சார். இன்னும் என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. மிஸ்ஸிங் வரும்போது ஒவ்வொரு பிளக் ஒயராக எடுத்துப் பார்த்திருந்தோம். ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், அந்த ஒயரை எடுத்தால் எஞ்சினில் மாற்றமே தெரியாது. இங்கே நான்கில் எதை எடுத்தாலும் எஞ்சின் தள்ளாடியது. கம்ப்ரஷனும் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிளக் நான்கும் பிஸ்கட் நிறத்தில் இருந்தன, கரியும் இல்லை, வெளுப்பும் இல்லை. ஆக கோளாறு எதுவோ நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. காயில், பாயின்ட், கண்டன்சர், பொறியை நான்கு பிளக்குக்கும் பங்கிடும் ரோட்டார், அதன் மேல் மூடும் கேப். எல்லாமே மாற்றிப் பார்த்தவை.

பொங்கலுக்கு மறுநாள் திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டு தாண்டி படாளம் பக்கத்தில், எதிர்பார்த்தபடியே, முன்னால் போன லாரிக்காகக் காலை எடுத்தேன், நின்றது. இந்தத் தடவை துணியை எடுக்கவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு கார்பரேட்டரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். கையால் ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தேன். சீத் என்று ஒரு மெல்லிய பெட்ரோல் பீச்சு உள்ளே அடித்தது. இன்னொரு தடவை இழுத்தேன், இன்னொரு பீச்சு. கார்பரேட்டரின் தொட்டியில் பெட்ரோல் இருந்தால்தான் அந்தப் பீச்சு வரும். பெட்ரோல் இருக்கிறது, வண்டி ஓடவில்லை. ஈரத்துணியின் வழக்கு அந்த இடத்தில் தள்ளுபடி.

அடுத்து டெஸ்ட் லாம்ப். டாஷ்போர்டு பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் வைத்து, முனையில் முதலைவாய் க்ளிப் மாட்டி, நானே செய்தது. காயிலில் இரண்டு முனை உண்டு. எஸ்.டபிள்யூ. என்று எழுதியது சாவியிலிருந்து வருவது, சி.பி. என்று எழுதியது பாயின்ட்டும் ரோட்டாரும் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயின்ட்டுக்குப் போவது. லாம்பின் ஒரு முனையை சி.பி.யிலும் மறுமுனையை பாடியிலும் மாட்டி, சாவியைப் போட்டுவிட்டு, மனைவியை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பாயின்ட் மூடியிருக்கும்போது கரண்ட் அதன் வழியே பாடிக்கு இறங்கிவிடும், லாம்ப் அணையும். திறக்கும்போது கரண்டுக்கு வேறு வழியில்லை, லாம்ப் எரியும். எஞ்சின் சுற்றச் சுற்ற லாம்ப் மினுக் மினுக் என்று கண்ணடிக்க வேண்டும். ஓடுகிற எஞ்சினில் இந்தக் கண்ணடிப்பு எவ்வளவு வேகம் தெரியுமா? நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால், நான்கு சிலிண்டருக்கு நொடிக்கு 100 தடவை.

என் லாம்ப் கண்ணடிக்கவில்லை. முறைத்துப் பார்த்த மாதிரி எரிந்துகொண்டே இருந்தது.

லாம்ப் எரியாமலே இருந்திருந்தால் சாவி, காயில் பக்கம் கோளாறு, அல்லது பாயின்ட் எங்கோ ஷார்ட். எரிந்துகொண்டே இருந்தால், கரண்ட் காயிலைத் தாண்டி வந்துவிட்டது, பாயின்ட் மூடினாலும் பாடிக்கு இறங்க வழி கிடைக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ பாதை அறுந்திருக்கிறது. மொத்தத்தில் ஒரு உள்ளங்கை அளவு இடம். கேப்பைக் கழற்றி பாயின்ட்டைப் பார்க்கலாம் என்று க்ளிப்பை நெம்பினேன். டிஸ்ட்ரிபியூட்டர் லேசாக ஆடியது. லாம்ப் அணைந்தது. கேப்பை மாட்டிச் செல்ஃப் அடித்தால், ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது.

நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று நான் சிரித்த சிரிப்பைப் பார்த்துப் பின் சீட்டில் இருந்த மகள் பயந்துவிட்டாள்.

திருவண்ணாமலைப் பயணத்தை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினோம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை, போய்விட்டுத்தான் வந்தோம். வழியில் நின்ற மூன்று தடவையும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு ஆட்டு ஆட்டினேன், கிளம்பியது. துணி காய்ந்தே கிடந்தது.

மறுநாள் காலை வீட்டு வாசலில் வண்டியை ஐடிலில் ஓடவிட்டேன். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒட்டிய சின்னத் தகர டப்பாவிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கார்பரேட்டருக்குப் போகும். கார்பரேட்டர் முனையைக் கழற்றி, துடைத்து, வாயில் வைத்து உறிஞ்சினேன். எதிர்வீட்டு மாமா பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த டப்பாவின் வேலையைச் சொன்னால்தான் மீதி புரியும். காலை லேசாக மிதித்துச் சமதளத்தில் போகும்போது சிலிண்டருக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் கம்மி. கம்மியான கலவை மெதுவாக எரியும். மெதுவாக எரிவதைக் கொஞ்சம் முன்னாலேயே கொளுத்திவிட வேண்டும். அந்த நேரத்தில் கார்பரேட்டரில் உறிஞ்சுவிசை அதிகம். அது குழாய் வழியாக டப்பாவுக்குள் இருக்கும் படலத்தை இழுக்கும், படலம் பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைச் சில டிகிரி திருப்பும், பொறி முந்திக்கொண்டு வரும். முழுசாக மிதித்தால் உறிஞ்சுவிசை விழுந்துவிடும், தட்டு பழைய இடத்துக்குத் திரும்பும். காலை முழுசாக எடுத்தாலும் திரும்பும். அதாவது பாதி மிதியில் வண்டி போகும் நேரமெல்லாம் அந்தத் தட்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. கத்திப்பாரா ஏற்றத்தில் அது அசையாமல் இருந்தது. என் நோட்டிலிருந்த பதினோரு பதிவுக்கும் உரை இந்த ஒரு பத்திதான்.

நான் உறிஞ்சினால் பொறி முந்தி, ஐடில் கொஞ்சம் ஏற வேண்டும். நாக்கைக் குழாயின் முனையில் வைத்து அடைத்தேன். நாக்கு கவ்விக்கொண்டு நின்றது, ஆக படலம் ஓட்டையில்லை. ஐடில் ஏறியது, ஒரு நொடி. அப்புறம் எஞ்சின் இருமியது, குதித்தது, நாக்கை எடுத்ததும் பட்டென்று நின்றது. மீனம்பாக்கத்தில் நின்ற அதே மாதிரி. வாசலில் நின்றுகொண்டு, என் வாயாலேயே அதை வரவழைத்துவிட்டேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, ரோட்டாரை எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிமுனையிலிருந்து பாயின்ட்டுக்கு வரும் ஒரு குட்டி ஒயர், இரண்டு அங்குலம் இருக்கும். தட்டு திரும்பத் திரும்ப இதுவும் வளைந்து நிமிர வேண்டும். பார்க்க ஒரு குறையும் இல்லை. உறை கறுத்திருந்தது, ஆனால் எங்கும் வெடிப்பில்லை. நாங்கள் மூன்று தடவை பாயின்ட் மாற்றியபோதும் இதைக் கழற்றி, இதையே திருப்பி மாட்டியிருக்கிறோம். பாயின்ட் செட்டோடு இது வராது. இரண்டு முனையையும் கழற்றி விரல்களில் பிடித்து மெதுவாக இழுத்தேன். ஒயர் நீண்டது. ரப்பர் பேண்ட் மாதிரி. செம்பு நீளாது. உள்ளே செம்பு அறுந்திருந்தால்தான் உறை மட்டும் நீளும். பிளேடால் கீறிப் பார்த்தேன். நடுவில், வளையும் இடத்தில், மயிரிழை இழைகள் எல்லாம் அறுந்து, முனைகள் பச்சை பூத்துக் கிடந்தன. அறுந்த இரண்டு கற்றையும் உறைக்குள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் எட்டு மாதம் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

வண்டியின் வயதே அதற்கும் இருந்தால் முப்பத்தெட்டு வருடம். அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

புது ஒயர் போடுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டு ஒயரிங்கில் மிச்சமானதை வெட்டிப் போட்டால் ஒரு மாதத்தில் அறுந்துவிடும், இழைகள் தடி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மல்ட்டிமீட்டருக்குப் போடும் டெஸ்ட் லீட் ஒயர் கிடைக்கும். சிலிக்கான் உறை, உள்ளே நூல் போல நூற்றுக்கணக்கான இழை, கையில் வைத்தால் நூடுல்ஸ் மாதிரி தொங்கும். ஒரு மீட்டர் வாங்கினேன், ஒரு டீயும் பஜ்ஜியும் சாப்பிடுகிற காசு. இரண்டு முனையிலும் வளையம் வைத்து ஈயம் பற்றவைத்தேன். ஈயம் ஒயருக்குள் அதிகம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏறினால் அந்த இடம் விறைத்து அங்கேயே மறுபடி முறியும். தட்டுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் எர்த் ஒயரையும் கையோடு மாற்றினேன், அது பின்னல் ஒயர், பாதி இழை ஏற்கெனவே போயிருந்தது. பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜில் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்து, டைமிங் பார்த்து, குழாயை மறுபடி வாயில் வைத்து உறிஞ்சினேன். ஐடில் ஏறியது. ஏறியே நின்றது. எதிர்வீட்டு மாமா கேட் வரைக்கும் வந்துவிட்டார்: "என்னப்பா, ஹூக்காவா?"

எட்டு மாதம் ஈரத்துணி போட்டுக் கிளம்பியதற்கு என்ன காரணம் என்பதை அறுந்த ஒயரைக் கையில் வைத்துக்கொண்டுதான் யோசித்தேன். போனட்டைத் திறந்து தொப்பென்று மூடுகிறோம், செல்ஃப் எஞ்சினை உலுக்குகிறது, பத்து நிமிடத்தில் ஒயரின் உறை ஆறிச் சுருங்குகிறது. இதில் எதிலாவது அந்த இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும். துணி இடது பக்கம் பம்பின் மேல் சும்மா கிடந்தது, வேலை நடந்ததெல்லாம் வலது பக்கம்.

பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இழுத்தார். நீண்டது. விட்டார், சுருங்கியது. இன்னொரு தடவை இழுத்தார். "அல்லா" என்றார். "ஒவ்வொரு தடவையும் கேப்பைக் கழட்டி மாட்டுவேன் சார், ஸ்டார்ட் ஆயிடும். நான் மாத்துன சாமான்தான் வேலை செஞ்சிடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்." ஒயரைத் திருப்பித் தரவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நானும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஆயில் மாற்றப் போனபோது, காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் அந்த ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறப் பத்மினி ஒன்றின் சொந்தக்காரர் நின்றுகொண்டிருந்தார். வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது என்று புகார். பாய் ஆணியிலிருந்து ஒயரை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இழுத்துப் பாருங்க" என்று என் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டினார். அவர் இழுத்தார். பாய் முழுக் கதையையும் சொன்னார், நான் குழாயை வாயில் வைத்த இடத்தில் கொஞ்சம் கூட்டியே சொன்னார்.

பிறகு பத்மினியைத் திறந்து பார்த்தார்கள். அதற்கு உண்மையிலேயே ஜெட் அடைப்புதான்.